தாலி ஊர்வலம் எந்த ஊர் வழக்கம்?

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்கு முன்பல் இரண்டும் போனபோது நாதஸ்வரம்தான் போனது, சொல் போகவில்லை. அது முன்னையிலும் பார்க்கக் கூடிவிட்டது என்று என் தம்பி குகன் சொல்கிறான். சொல்லட்டும். எங்கள் மேளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இனி நான் ஊதப் போவதில்லை, கதைக்கப் போகிறேன். கொஞ்சம் காதைத் தாருங்கள்.

சீவாளியை எப்படிப் பதப்படுத்துவது, தவிலுக்கு வார் எப்படி இழுப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைக் குகன் சொல்லித் தருவான், சொல்லியும் ஏறாவிட்டால் கத்தித் தருவான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு மண்டபம் நிறையச் சனம் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் பிழைத்துவிட்டது, வாயில் நாதஸ்வரம் இருக்கிறது, ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த நேரம் என்ன செய்வீர்கள்? அதுதான் தொழில். மற்றதெல்லாம் பயிற்சி.

போன ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரி ஒரு கேள்வி கேட்டாளே, அதிலிருந்துதான் இது தொடங்கியது.

"அன்ரி, எங்கடை கலியாணங்களிலை தாலி கட்ட முன்னமே கெட்டிமேளம் தொடங்கி, நாதஸ்வரக்காரர் சபைக்குள்ளை இறங்கிப்போய்த் தாலித் தட்டத்தைக் கூட்டிக்கொண்டு வாறமல்லோ, தாலி ஊர்வலம். அது கனடாவிலை இல்லை எண்டு அப்பா சொல்லுறார். லண்டனிலையும் இல்லையாம். அப்ப அது எந்த ஊர் வழக்கம்?"

குகனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. நான் அவன் முதுகில் தட்டினேன், தேவைக்கு மேலேயே தட்டினேன். உங்களில் ஒருவன், பெயர் சொல்லவில்லை, "அது யாழ்ப்பாணத்துப் பழைய முறை" என்று அடித்துச் சொன்னான். இன்னொருத்தி கமராவோடு வந்த இத்தாலியப் பிள்ளை ஒன்றுக்கு அது கோயில்களிலிருந்து வந்தது என்று விளக்கமே கொடுத்திருக்கிறாளாம். அடி சக்கை! நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் உண்மை வேறு, அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலுமாக வளர்ந்த குடும்பம் எங்களுடையது. பூட்டன் ஊதினார், பாட்டன் அடித்தார், அப்பா ஊதினார், பெரியப்பா அடித்தார். பள்ளிக்கூடத்தில் மேசையில் தாளம் போட்டால் அடி விழும், வீட்டில் தாளம் போடாவிட்டால் அடி விழும். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குக் கை ஓயவே இல்லை.

பெரியப்பாவின் பெயரை நான் சொல்லமாட்டேன். அவர் இருந்த காலத்தில் நாங்கள் அவர் பெயரைச் சொன்னதில்லை, இப்போது மட்டும் ஏன்? ஒரு கலியாணத்தில், நான் சின்னப் பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் இருந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டுவிட்டுச் சுரையைப் பூட்டத் தொடங்கினார். எங்கள் பக்கத்துக் கொடிக்கு முடிச்சுக் கிடையாது, சின்னத் திருகாணிதான் பூட்டு, அதைத்தான் சுரை என்பது. சுரை பிடி கொடுக்கவில்லை. கெட்டிமேளம் முழங்குகிறது. படீரென்று பெரியப்பாவின் தவில் கழி இரண்டாக முறிந்தது. மாற்றுக் கழி எங்கே கிடக்கிறதோ தெரியாது. அந்த நேரம் பாயச வாளியோடு ஒரு மாமி பக்கத்தால் போனா. பெரியப்பா எட்டி அவ கையிலிருந்த அகப்பையைப் பறித்து, பாயசம் சொட்டச் சொட்டக் காம்பால் அடித்தார் பாருங்கள், சுரை பூட்டும்வரைக்கும் கை எடுக்கவில்லை. தவில் தோலில் ஒரு முந்திரிகை வற்றல் ஒட்டிக் கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கெட்டிமேளத்தை ஆரும் தொடங்கலாம் பிள்ளை. நிப்பாட்டிறது தாலி மட்டும்தான்" என்றார்.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். தாலி ஏறுகிற நேரம் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஒரு சாவுமணி, எந்தக் கெட்ட சத்தமும் அந்தப் பிள்ளைகளின் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் அந்த முழக்கம். நடுவில் நின்றுவிட்டால் பிறகு என்ன முழக்கம்?

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டு மேளம் மங்கல வாத்தியம். அது செத்தவீட்டுக்கு ஒலிக்காது. அதற்கு வேறு வாத்தியம், வேறு ஆட்கள். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை, மூச்சு விடுவதற்குச் சொல்லித் தருவார்களா?

பிறகு சண்டை, ஓட்டம், எல்லாம் உங்கள் தாய் தகப்பனிடம் கேட்டதுதான். அப்பா இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்து போர்கோ வெக்கியோவில் ஓர் அறை எடுத்தார். பகலில் மாடிப்படி கழுவினார். நாதஸ்வரம் உடுக்கிற சாரத்தில் சுற்றியபடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அப்போது இங்கே கலியாணங்களில் கசெற்தான் போடுவார்கள். அப்பா ஒரு தடவை போய்விட்டு வந்து குதித்தார்.

"கசெற்றுக்குக் கண் இருக்கோ? மாப்பிளை சுரையோடை மல்லுக்கட்டுறான், அது பாட்டுக்கு முடிஞ்சு 'டக்' எண்டு நிக்குது! பிறகு ஒரே இருமல் சத்தம். கண்டறியாத கலியாணம்!"

அடுத்த கலியாணத்துக்குக் கட்டிலுக்குக் கீழே இருந்ததை எடுத்துக்கொண்டு போனார். பலேர்மோவில் எங்கள் மேளம் அப்படித்தான் தொடங்கியது. எனக்கும் அவர்தான் பழக்கினார். பொம்பிளைப் பிள்ளை ஊதுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். "இஞ்சை முதல் வேலை எடுத்து வீடு பாத்தது பொம்பிளையள்தானே, ஊதினால் மட்டும் வானம் இடிஞ்சு விழுமோ?" என்றார் அப்பா. நான் வேலை செய்த வீட்டுச் சின்யோராவுக்கு, எசமானி அம்மாவுக்கு, காது அறவே கேளாது. அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்கு எங்கே கிடைக்கும்? தூசு துடைத்து முடித்ததும் அந்த வரவேற்பறையில் நின்று முழுமூச்சாய் ஊதுவேன். சின்யோரா எதிரே இருந்து என் கன்னம் ஊதுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பா. மேல் வீட்டுக்காரர்தான் பாவம்.

அப்பா காலமானபிறகு மேளத்தை நான் நடத்தினேன். குகன் ஊரில் தவில் அடித்துக்கொண்டிருந்தான். ஒருவாறு பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைத்து அவன் வந்து இறங்கி, சந்தைக்குப் போகும் வழிகூடப் பாடமாக முன்னரே, கால்சாப் பகுதியில் அந்தக் கலியாணம் வந்தது.

அது பெரிய கலியாணம். பொம்பிளை, கலியாணப் பெண், இங்கே வளர்ந்த பிள்ளை, என்னோடு வேலைக்கு வந்தவள், வாய்க்காரி. மாப்பிள்ளை கனடா. மாப்பிள்ளையோடு ஒரு மாமி வந்திருந்தா, எல்லாப் பொறுப்பும் அவவுடையது. ஜெர்மனியிலிருந்து பேர்போன மேளச் செற் ஒன்றைக் கூப்பிடவேண்டும் என்பது மாமியின் விருப்பம். பொம்பிளையின் தகப்பன் ராசையா அண்ணை, "எங்கடை ஊர் மேளம் இருக்கேக்கை ஏன் பிறத்தியிலை கேப்பான்?" என்று ஒற்றைக்காலில் நின்று எங்களுக்கு வெற்றிலை வைத்தார். அன்றிலிருந்து மாமி இரண்டு பிழை தேடிக்கொண்டிருந்தா. ஒன்று எங்கள் மேளத்தில், மற்றது அந்தப் பொம்பிளையில். கலியாணத்தில் ஏதாவது பிழைத்தால் காலம் முழுக்க அந்தப் பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே குகனை இருத்திவைத்துச் சொன்னேன். "மண்டபத்திலை எதிரொலி. ஐயர் கத்தினாலும் உனக்குக் கேளாது. அப்பா சொல்லுறது ஞாபகமிருக்கோ? காதை நம்பாதை, விரலைப் பார். விரல் ஆடினால் அடி."

"ஓம் அக்கா. விரல் ஆடினால் அடி."

மண்டபம் பழைய மாளிகை ஒன்றின் மேல்மாடி. ஒரு முனையில் மணவறை, அதற்குப் பக்கத்தில் நாங்கள். மறுமுனையில் வாசலும் ஒழுங்கையைப் பார்த்த பல்கனியும். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு தேவாலயம். வெக்கைக்குப் பல்கனிக் கதவுகளை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் தொத்தோ. வயிறு முன்னே வர அவர் பின்னே வருவார், நல்ல மனிதர், அன்றைக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியும் கட்டியிருந்தார்.

பொம்பிளை கூறை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள். எல்லா வீட்டிலும் தாலியைக் கூறையோடு சேர்த்து ஒரு தரம்தான் சபைக்குக் காட்டுவார்கள். மாமிக்கு எல்லாம் இரண்டு தரம் வேண்டும். "இன்னொருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ, பின்னுக்கு இருக்கிற எங்கடை ஆக்கள் தொடேல்லை" என்றா. தாலித் தட்டம் மறுபடி புறப்பட்டு மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போனது. நான் மெல்லிசாக ஊதிக்கொண்டிருந்தேன். குகன் விரலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது கடைசி வரிசைக்குப் பின்னால், வாசலில், தொத்தோ வந்து நின்று எங்களை நேரே பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பிள்ளைகளே, நீங்கள் இங்கே பிறந்தவர்கள். இத்தாலியன் விரலை அப்படி ஆட்டினால் என்ன கருத்து என்று உங்களுக்குப் பால்குடி மறக்கமுன்னமே தெரியும். வேண்டாம், கூடாது, நிறுத்து! ஆனால் வலிகாமத்திலிருந்து வந்து இறங்கிய தவில்காரனுக்கு அந்த விரலுக்கு ஒரே ஒரு கருத்துத்தான்.

குகன் இடித்தான் பாருங்கள் கெட்டிமேளம்!

எனக்கு மூளை வேலை செய்யமுன் உதடு வேலை செய்துவிட்டது, நானும் சேர்ந்து உச்சத்தில் ஊதுகிறேன். சபை முழுதும் எழும்பிவிட்டது. பூவும் அரிசியும் பறக்கிறது. தேங்காயோடு தயாராக நின்றவர் மடார் என்று உடைத்துவிட்டார். மணவறையில் மாப்பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறார், தலையில் பூ. ஐயர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். தாலி மண்டபத்தின் அந்தலையில், ஒரு கிழவரின் மடிக்கு நேரே, தட்டத்தில் இருக்கிறது.

மாமியின் வாயை மட்டும் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, வாசிக்க முடிந்தது. அபசகுனம். இன்னொரு தரம், அபசகுனம்.

குகனுக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறிப் போய்க் கழியைத் தூக்கினான், நிறுத்தப் போகிறான். நான் காலால் அவன் தொடையில் ஓர் உதை விட்டேன். அடி! நிறுத்தினால்தானே பிழை? நிறுத்தாவிட்டால் அது இன்னும் கெட்டிமேளம்தான், கொஞ்சம் நீளமான கெட்டிமேளம். பெரியப்பாவின் அகப்பை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாலி எங்களிடம் வராவிட்டால் நாங்கள் தாலியிடம் போவோம்!

எழும்பினேன். ஊதிக்கொண்டே சபைக்குள் இறங்கினேன். குகனும் தவிலைத் தோளில் கொளுவிக்கொண்டு பின்னால் வந்தான், தாளக்காரர் அவனுக்குப் பின்னால். சனம் விலகி வழி விட்டது. விலகாதவர்களை நாதஸ்வரத்தின் வாயால் இடித்து விலக்கினேன். இதெல்லாம் முன்கூட்டியே திட்டம்போட்டுச் செய்வதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.  கடைசி வரிசைக்கு வந்து தட்டம் வைத்திருந்தவரைக் கண்ணால் மிரட்டி எனக்கும் குகனுக்கும் நடுவில் எடுத்துக்கொண்டேன்.

திரும்புகிறபோதுதான் பல்கனி வழியாகக் கீழே பார்த்தேன்.

தேவாலயத்தின் வாசலில் சவப்பெட்டி. ஆறேழு ஆண்கள் தோளில் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்கள். ஒழுங்கை நிறையக் கறுப்பு உடுப்பு. கடைகளின் தகரக் கதவுகள் மரியாதைக்கு இறங்கிக் கிடக்கின்றன. எல்லா முகமும் மேலே, எங்கள் பல்கனியைப் பார்த்தபடி. அப்போதுதான் அந்த விரல் ஏன் ஆடியது என்று விளங்கியது. தொத்தோ சுவரோடு சாய்ந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. நிறுத்தினால் உள்ளே ஒரு பிள்ளையின் வாழ்க்கை. தாலி ஏறாத கழுத்து, நின்றுபோன மேளம், அந்த அமைதிக்குள் வந்து விழப்போகும் சாவுமணி. மாமிக்கு அதைவிட என்ன வேண்டும்? நிறுத்தாவிட்டால் வெளியே ஒரு வீட்டின் துக்கம். யாரோ ஒருவருடைய தகப்பன், யாரோ ஒருவருடைய புருஷன், கடைசித் தரமாக அந்த ஒழுங்கையால் போகிறார், நான் தலைக்கு மேலே நின்று முழக்குகிறேன். என்னிடம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. நாதஸ்வரக்காரியின் மூச்சு கொஞ்சம் நீளம், ஆனாலும் ஒரு மூச்சுத்தான்.

கெட்டிமேளத்தை நிறுத்துவது தாலி மட்டும்தான். நான் பல்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணவறைக்கு நடந்தேன். செத்தவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், தமிழில்தான் கேட்டேன், இத்தாலியன் அந்த நேரம் வரவில்லை.

ஐயர் கெட்டிக்காரர். நாங்கள் வந்து சேர முன்னமே மந்திரத்தை விறுவிறென்று சொல்லி முடித்துவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மாமியைப் பார்த்தார். மாமி தலையை ஆட்டி, பொறு, பொறு என்று கை காட்டினா. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அதனால் பொறுத்தார். எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது, குகனின் தோளில் வேர்வை ஓடுகிறது, மாப்பிள்ளை பொறுக்கிறார்!

அப்போது பொம்பிளை குனிந்த தலையை நிமிர்த்தினாள். அந்த முழக்கத்துக்கு மேலால் அவள் குரல் வந்தது.

"தாய்! தாய்!"

அவள் கத்தியது இத்தாலியன். சுறுக்காய், ம், நடக்கட்டும் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முடுக்குகிற சொல். கனடாக்காரருக்கு அது எப்படித் தெரியும்? மாமி திடுக்கிட்டு, "ஐயோ, பிள்ளை தாயைத் தேடி அழுகுது! தாயை விடுங்கோ முன்னுக்கு!" என்று பொம்பிளையின் தாயைத் தேடிச் சபைப் பக்கம் திரும்பினா. மாமி திரும்பிய அந்த இடைவெளிதான். பொம்பிளை கழுத்தை முன்னுக்கு நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "கட்டுங்கோவன் அப்பா!" என்றாள் மாப்பிள்ளையிடம். அது தமிழ். மாப்பிள்ளைக்கு விளங்கியது. கொடியைப் போட்டு ஒரே திருகில் சுரையைப் பூட்டினார். அப்படி ஒரு பூட்டலை நான் என் வாழ்க்கையில் காணவில்லை, என் கண் நிரம்பிவிட்டது.

நிறுத்தினோம்.

பேரமைதி. சாவுமணி கேட்கப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது மணி இல்லை. கைதட்டல். பல்கனி வழியாக, ஒழுங்கையிலிருந்து, நூற்றுக்கணக்கில் கைதட்டல்.

இந்த ஊரில் சவப்பெட்டி புறப்படும்போது கைதட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ராசையா அண்ணைக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. மனுசன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினார். நான் முருகா என்றேன். நல்லகாலம், பெட்டி அதற்குள் முடக்கால் திரும்பிவிட்டது, ஒழுங்கையில் கறுப்புக் கோட்டுப் போட்ட சனம் மட்டும் நின்றது. ராசையா அண்ணை கைகூப்பினார். கீழே நின்றவர்களும் தலை குனிந்தார்கள்.

"எங்கடை பிள்ளைக்கு ஊரே கைதட்டுது!" என்று அழுதுகொண்டு வந்தார்.

மாமி என்னிடம் வந்தா. நான் எதற்கும் தயாராக நின்றேன்.

"உந்தத் தாலி ஊர்வலம் நான் கண்டதில்லை. உங்கடை ஊர் வழக்கமோ?"

"ஓம் மாமி" என்றேன். "எங்கடை ஊர் வழக்கம்."

"வடிவாயிருந்தது. ஒருக்கால் பயந்துபோனன். முதலே சொல்லியிருக்கலாமல்லோ?"

கஸ்தூரி, எந்த ஊர் என்று மாமி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சபை அறுகரிசி போடுவதற்கு வரிசையாக நின்றது. நான் குகனை ஒரு மூலைக்கு இழுத்தேன்.

"உனக்கென்னடா விசரோ? ஆர்ரை விரலைப் பாத்து அடிச்சனி?"

"கோட்டுப் போட்ட பெரிய மனிசன், அக்கா. மாப்பிளையின்ரை தாய்மாமன் எண்டு நினைச்சன்."

"வெள்ளைக்காரத் தாய்மாமனோ?"

"கனடாவிலை இருந்து வந்தவை எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கினம்!"

"இனிமேல் விரலை மட்டும் பாராதை. விரல் ஆர்ரை எண்டு பாத்து அடி. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அக்கா. விரல் ஆர்ரை எண்டு பாத்து அடி."

அவனைத் தனியே அடிக்கவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். தொத்தோ வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. வாசலுக்கு வெளியே, படியின் தலைப்பில், கறுப்பு உடுப்போடு ஒரு சின்யோரா நின்றா. கண் வீங்கியிருந்தது. செத்தவரின் மகள் என்று தொத்தோ சொன்னார். சரி, வாங்கிக் கட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவ சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறேன்.

"இந்த மேளத்தை அனுப்பினது ஆர்?"

நான் மன்னிப்புக் கேட்கக் கைகூப்பினேன்.

"அப்பா மலைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். பாண்டிலை பெரிய மேளம் அடிச்சவர். பெரியப்பா ஊதினவர், தாத்தாவும் ஊதினவர். எங்கடை வீடே வாத்திய வீடு. என்னைச் சத்தமில்லாமல் கொண்டு போகாதேங்கோ எண்டுதான் கடைசியாச் சொன்னவர். எங்கடை பாண்டு வாற பஸ் வழியிலை பழுதாகி நிண்டிட்டுது. நான் அப்பாவை ஊமையாத் தூக்கிக்கொண்டு வெளியிலை வாறன். தலையிலை அடிச்சுக்கொண்டு வாறன். வாசலுக்கு வர, மேலை இருந்து, அந்த மேளம்..."

 என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டா. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர் தெரியாத அந்த மனிதர் பெரிய மேளம் அடித்தவர். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேனே! எனக்கு விக்கிவிக்கி அழுகை வந்தது. இரண்டு பேரும் படியில் நின்று அழுதோம், தொத்தோ எங்கள் இருவருக்கும் சேர்த்து அழுதார்.

அழுகை நின்றதும் அவ முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னா, "நான் உள்ளை வந்து அந்தப் பொம்பிளையைக் கொஞ்சவேணும். எல்லாருக்கும் நன்றி சொல்லவேணும்."

என் அழுகை அந்த நிமிஷமே வற்றிவிட்டது. உள்ளே மாமி. செத்தவீட்டுக்காரி, சவம் எடுத்த கையோடு, அதே கறுப்பு உடுப்போடு, மணவறைக்குப் போய்ப் பொம்பிளையைக் கொஞ்சுவதா? துடக்கு, தீட்டு என்று ஒரு சொல் எங்களிடம் இருக்கிறது, அதை இத்தாலியனில் எப்படிச் சொல்வேன்? என் கையை இப்போதுதான் முத்தமிட்ட மனுசிக்கு எப்படிச் சொல்வேன்? அவ ஏற்கெனவே ஓர் அடி எடுத்து வைத்துவிட்டா. வாய் வராத இடத்தில் கை வந்தது. நான் விரலை உயர்த்தி, இங்கே எல்லாரும் செய்கிறமாதிரி, இப்படியும் அப்படியும் ஆட்டினேன். வேண்டாம் சின்யோரா, வேண்டாம்.

மண்டபத்தின் அந்தலையிலிருந்து குகன் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ஆடுகிறது. விரல் ஆருடையது? அக்காவுடையது!

மறுபடியும் இடித்தான் கெட்டிமேளம்.

முதல் தரத்தைவிடப் பலமாக இடித்தான், பயத்தில். சபைக்கு என்ன தெரியும்? பலேர்மோ வழக்கத்தில் இரண்டாம் கெட்டிமேளமும் உண்டு போலும் என்று மிச்சமிருந்த பூ முழுவதையும் அள்ளி மாப்பிள்ளை பொம்பிளைக்கு எறிந்தார்கள். வாசலில் அந்தச் சின்யோரா அப்படியே நின்றுவிட்டா. நான் விரலைக் காட்டி, தன் தகப்பனுக்காக இன்னொரு தரம் அடிக்கச் சொன்னதாகத்தான் அவவுக்கு விளங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினா. தட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே படியால் இறங்கிப் போனா. உள்ளே வரவேண்டும் என்ற எண்ணமே அவவுக்குப் பிறகு இருக்கவில்லை.

குகனை அன்றைக்கு நான் ஏசவில்லை. ஏச முயன்றேன், அவன் விடவில்லை.

"நீதானே சொன்னனி! ஆர்ரை விரல் எண்டு பாத்தன். உன்ரை விரல். அடிச்சன்!"

 ஆகவே பிள்ளைகளே, விதி என்று நான் உங்களுக்கு எதைச் சொன்னாலும் அதை நம்பிக்கொண்டு கண்ணை மூடாதீர்கள். விரலைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள், பல்கனிக்கு வெளியேயும் ஒருக்கால் பாருங்கள். அதற்குப் பிறகும் பிழைக்கும். பிழைத்தால் நிறுத்தாதீர்கள்.

அடுத்த கலியாணத்துக்கு வெற்றிலையோடு வந்த வீட்டார், "எங்களுக்கும் அந்தத் தாலி ஊர்வலம் வேணும்" என்றார்கள். அதற்கடுத்தவர்களும் கேட்டார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை, அது வழக்கமாகிவிட்டது. ஒரு சவப்பெட்டியால் வந்த வழக்கம் என்று எனக்கும் குகனுக்கும் தொத்தோவுக்கும் மட்டும் தெரியும். இதுவரை வாயே திறக்கவில்லை. மங்கல வாத்தியம் ஒரு செத்தவருக்கு ஒலித்தது என்று தெரிந்தால், அந்தப் பொம்பிளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் அதன்மேல்தான் பழி விழும் என்று பயந்தேன்.

இனிப் பயமில்லை. கஸ்தூரி, வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டுக் கலியாண வீடியோவைப் போட்டுப் பார். கடைசி வரிசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் விரலாட்டுவார். உன் அம்மா "தாய்" என்று கத்துவாள். உன் அம்மப்பா பல்கனியில் நின்று யாருக்கோ கைகூப்புவார். கனடாவுக்குத் திரும்பிப் போகாமல் இந்த ஊரிலேயே நின்றுவிட்ட உன் அப்பா, ஒரே திருகில் சுரையைப் பூட்டுவார். பிறகு கண்ணாடியில் உன்னை ஒரு தரம் பார். குறையென்று ஏதாவது தெரிகிறதா? துடக்காவது மண்ணாங்கட்டியாவது!

வருகிற சனிக்கிழமை கால்சாவில், அதே மண்டபத்தில், எங்களுக்குக் கலியாணம். தாலி ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து நீதான் ஊத வேண்டும். பல்கனிக் கதவை ஒருவரும் சாத்த வேண்டாம்.